காங்கோவின் எந்த ஊர் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருகிறேன். பெங்களூருவில் தமிழ்வழிப் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், செய்தியில் ஓர் ஊரின் பெயர் வந்தால் நிலப்படத்தில் அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம். காங்கோவைப் பற்றிய செய்திகளில் அந்த வழக்கத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது. காங்கோவில் எபோலா, காங்கோவில் மோதல், காங்கோவில் படகு விபத்து என்று தலைப்புகள் வருகின்றன. உள்ளே படித்தாலும் பெரும்பாலும் ஊரின் பெயரோ மாகாணத்தின் பெயரோ கிடைப்பதில்லை. இது தங்கள் நாளிதழில் மட்டும் காணும் குறையன்று. ஆனால் நான் கையில் எடுத்துப் படிப்பது தங்கள் நாளிதழை என்பதால் தங்களிடம்தான் முறையிட முடியும். காங்கோச் செய்தி எதுவானாலும் அது எந்தக் காங்கோ, அதில் எந்த ஊர், அந்த ஊர் நாட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்பதைச் சேர்த்து வெளியிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அது ஏன் இவ்வளவு அவசியம் என்பதை அந்த நாட்டின் நில அமைப்பைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் அந்த ஆற்றின் பெயரைத் தாங்கிய இரண்டு நாடுகள் இருக்கின்றன. வடமேற்குக் கரையில் இருப்பது பிராசவில்லைத் தலைநகராகக் கொண்ட காங்கோ குடியரசு. பிரான்ஸிடமிருந்து 1960 ஆகஸ்டில் விடுதலை பெற்றது. எதிர்க்கரையில் இருப்பது கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட காங்கோ ஜனநாயகக் குடியரசு. அதே 1960-இல், ஜூன் 30 அன்று, பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. 1971 முதல் 1997 வரை இதற்கு ஜைர் என்று பெயர் இருந்ததை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். முதல் நாட்டின் பரப்பு சுமார் 3.4 லட்சம் சதுர கிலோமீட்டர். இரண்டாவதன் பரப்பு சுமார் 23.4 லட்சம். தனி அரசும் வெவ்வேறு நாணயமும் தனி வரலாறும் கொண்ட இந்த இரு நாடுகளையும் ஒரே பெயரால் குறிப்பது, ஒன்றில் நடந்ததை மற்றொன்றின் தலையில் ஏற்றுவதில்தான் முடிகிறது. இனி இக்கடிதத்தில் நான் காங்கோ என்று சொல்வது பெரிய நாடான ஜனநாயகக் குடியரசையே.

அதன் பரப்பைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவில் அல்ஜீரியாவுக்கு அடுத்த பெரிய நாடு அது. தமிழ்நாட்டைப்போல் 18 மடங்கு. இந்தியாவின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. ஒன்பது நாடுகள் அதன் எல்லையைத் தொடுகின்றன. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம்தான். காங்கோவிலோ மேற்குப் பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் ஒரு மணி நேர வேறுபாடு உண்டு. மேற்கில் உள்ள கின்ஷாசாவிலிருந்து கிழக்கு எல்லையில் உள்ள கோமா வான்வழியாகவே 1,500 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூருவிலிருந்து தில்லி இருக்கும் தூரத்துக்கு அது சற்றே குறைவு. தில்லியில் புகை சூழ்ந்தால் பெங்களூருவில் இருப்பவருக்கு மூச்சுத் திணறும் என்று வெளிநாட்டில் யாராவது சொன்னால் நாம் அவருக்கு நிலப்படத்தைக் காட்டுவோம். அந்த நிலப்படம் நம் வாசகர்களுக்கும் வேண்டியதாக இருக்கிறது.

அந்நாட்டின் வடிவத்தை மாணவர்களுக்கு நான் ஓர் உருளியைக் காட்டி விளக்குவேன். நடுப்பகுதி தாழ்ந்து கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 300, 400 மீட்டர் உயரம்தான் இருக்கும். அங்கே அமேசானுக்கு அடுத்தபடியாக உலகின் இரண்டாவது பெரிய மழைக்காடும், ஆண்டு முழுவதும் நீர் வற்றாத சதுப்பு நிலமும் பரந்து கிடக்கின்றன. இரு காங்கோக்களிலும் விரிந்துள்ள அந்தச் சதுப்பின் அடியில் மக்கிய தாவரப் படிவுகளாகச் சுமார் 3,000 கோடி டன் கரிமம் தேங்கியிருப்பதாக 2017-இல்தான் அறிவியலாளர்கள் கணக்கிட்டார்கள். சுற்றிலும் விளிம்பு உயர்ந்திருக்கிறது. கிழக்கு விளிம்பில் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கும் எரிமலைகளும் இருக்கின்றன. உகாண்டா எல்லையில் ருவென்சோரி மலைத்தொடரின் மார்கரீட்டா சிகரம் 5,109 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தெற்கில் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட கட்டங்கா பீடபூமி. மேற்கிலும் மலைகள்தாம், காங்கோ ஆறு அவற்றை உடைத்துக்கொண்டு அட்லாண்டிக் பெருங்கடலுக்கு இறங்குகிறது.

காங்கோவின் பெரிய நகரங்களில் பெரும்பாலானவை இந்த விளிம்பில் அமைந்திருக்கின்றன. நடுவில் காடும் சதுப்பும் கிடப்பதால் அவை ஒன்றை ஒன்று நோக்கி வளரவில்லை. ஒவ்வொன்றும் தன் முதுகை நாட்டின் நடுப்பகுதிக்குக் காட்டிக்கொண்டு, தனக்கு அருகில் உள்ள அயல்நாட்டையோ கடலையோ நோக்கி வளர்ந்திருக்கிறது. கின்ஷாசாவின் பார்வை அட்லாண்டிக் பக்கம். லுபும்பாஷியின் பார்வை தெற்கே சாம்பியாவின் பக்கம். கோமாவும் புகாவுவும் ருவாண்டாவை ஒட்டியவை. கோமாவில் இருப்பவருக்குச் சொந்தத் தலைநகரைவிட நைரோபி அருகில். எல்லாக் காலமும் லாரி ஓடக்கூடிய தொடர்ச்சியான சாலையோ ரயில் பாதையோ தலைநகரைக் கிழக்கு நகரங்களோடு இணைக்கவில்லை. ஒரு நகரில் நடப்பது இன்னொரு நகரை எட்டாமலே போவதற்கு இந்த நில அமைப்பே முதற்காரணம்.

நாட்டை ஓரளவேனும் இணைப்பது ஆறுதான். தென்கிழக்குப் பீடபூமியில் லுவலாபா என்ற பெயரில் தொடங்கி வடக்கு நோக்கி ஓடி, நிலநடுக்கோட்டைக் கடந்து, பெரிய வில்லாக வளைந்து, மீண்டும் நிலநடுக்கோட்டைக் கடந்து தென்மேற்கில் இறங்கும் இந்த ஆற்றின் நீளம் சுமார் 4,700 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டை இருமுறை கடக்கும் பேராறு உலகில் இது ஒன்றே. கோட்டின் வடக்கே மழை ஓயும் காலத்தில் தெற்கே பெய்யும். தெற்கே ஓயும்போது வடக்கே பெய்யும். ஆகவே காவிரியைப்போல் ஒரு பருவத்தில் பெருகி மற்றொரு பருவத்தில் மணல் தெரியும் ஆறு அன்று அது. கடலில் சேர்க்கும் நீரின் அளவில் அமேசானுக்கு அடுத்த இடம் அதற்கு. கீழ்ப்பகுதியில் சில இடங்களில் ஆழம் 200 மீட்டரைத் தாண்டுகிறது.

இவ்வளவு நீர் இருந்தும் ஆற்றின் முழு நீளத்தையும் படகால் கடக்க முடியாது. எங்கே படகு நிற்க வேண்டியிருந்ததோ அங்கேதான் நகரம் பிறந்தது. வடகிழக்கில் போயோமா அருவிகள் சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏழு படிகளாக இறங்குகின்றன; அவை முடியும் இடத்தில் கிசங்கானி நிற்கிறது. அங்குள்ள வகேனியா மீனவர்கள் பாயும் நீரில் மரச்சட்டங்களை நட்டு, பெரிய கூம்புக் கூடைகளைக் கட்டி மீன் பிடிக்கும் முறை பல தலைமுறைகளாகத் தொடர்கிறது. கிசங்கானியிலிருந்து கின்ஷாசா வரை சுமார் 1,700 கிலோமீட்டர் தடையில்லாத நீர்வழி. தள்ளு படகுகளோடு பிணைத்த தட்டைப் படகுகளில் சரக்கின் மேலேயே மக்கள் வாரக்கணக்கில் பயணம் செய்கிறார்கள். சமையலும் வியாபாரமும் உறக்கமும் அங்கேதான். இடையில் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் எம்பண்டாக்கா இருக்கிறது. விளிம்பில் இல்லாமல் உட்பகுதியில் வளர்ந்த முக்கிய நகரங்கள் இவை. ஆறு இல்லையென்றால் இரண்டும் இல்லை.

கின்ஷாசாவுக்குச் சற்று மேலே ஆறு விரிந்து மலேபோ என்னும் ஏரிபோன்ற நீர்ப்பரப்பாகிறது. அதற்குக் கீழே லிவிங்ஸ்டன் அருவிகள் தொடங்கி, ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறு பாறைகளில் மோதி இறங்குகிறது. கடலிலிருந்து வரும் கப்பல் மத்தாடி துறைமுகத்தோடு நின்றுவிட வேண்டும்; உள்நாட்டிலிருந்து வரும் படகு கின்ஷாசாவோடு நின்றுவிட வேண்டும். இந்த இரண்டையும் இணைக்க 1890-இல் தொடங்கி 1898-இல் முடித்த 366 கிலோமீட்டர் ரயில் பாதையின் வேலையில் ஏராளமான தொழிலாளர்கள் மாண்டார்கள். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு அந்த நாட்டையே தன் சொந்தச் சொத்தாக வைத்துக்கொண்டு, ரப்பருக்காக மக்களைச் சித்திரவதை செய்த காலம் அது. 1908-இல் பெல்ஜிய அரசு பொறுப்பேற்கும் வரை அக்கொடுமை நீடித்தது. அந்தப் பாதை வழியாக வெளியேறிய செல்வத்தின் கணக்கை யார் கொடுப்பது?

அதே அருவிப் பகுதியில்தான் இங்கா நீர்மின் நிலையங்கள் உள்ளன. முதலாவது 1972-இலும் இரண்டாவது 1982-இலும் இயங்கத் தொடங்கின. அங்கிருந்து 1,700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கட்டங்காவின் சுரங்கங்களுக்கு மின்கம்பி இழுத்தார்கள். வழியில் உள்ள எண்ணற்ற ஊர்கள் அந்த மின்சாரத்தைக் காணாமல் இருட்டிலேயே இருந்தன. ஒரு நாட்டின் செல்வம் எதற்காகத் தோண்டப்படுகிறது, யாருக்குப் போகிறது என்பதை இந்த ஒரு மின்பாதையே காட்டிவிடுகிறது.

படகு நிற்கும் இடமும் ரயில் தொடங்கும் இடமும் ஒன்றானதால் பெருகிய நகரம் கின்ஷாசா. 1881-இல் ஆய்வுப் பயணி ஸ்டான்லி நிறுவிய வணிக நிலையமாகத் தொடங்கி, லியோபோல்டுவில் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, 1966-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. 1984-க்குப் பிறகு நாட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்காததால் எல்லா எண்ணிக்கைகளும் மதிப்பீடுகள்தாம். அவற்றின்படி அங்கு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். பிரெஞ்சு பேசும் நகரங்களில் பாரிஸைவிட அது பெரியது என்றாலும், தெருவிலும் சந்தையிலும் பாட்டிலும் ஆட்சி செய்வது லிங்காலா மொழி. ஆற்றுக்கு அப்பால் பிராசவில் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே பாலம் இல்லை. படகில்தான் கடக்க வேண்டும். இரு நாடுகளும் சேர்ந்து முன்வைத்த காங்கோ ரும்பா இசையை 2021-இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நகரின் தென்பகுதி மணற்பாங்கான குன்றுகள். திட்டமின்றி வீடுகள் ஏறிய சரிவுகளில் ஒவ்வொரு மழைக்கும் மண் அரித்துப் பெரும் பள்ளங்கள் விழுகின்றன. 2022 டிசம்பரில் ஒரே இரவு மழையில் 100-க்கும் மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஏரிகளின் வழியை அடைத்து எழுந்த நம் பெங்களூருவின் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்ததைக் கண்ட எவருக்கும் கின்ஷாசாவின் துயரம் அந்நியமாகத் தோன்றாது. ஊரின் பெயரும் காரணமும் எழுதப்பட்டிருந்தால்.

தெற்கே போனால் வேறொரு நாட்டுக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். லுபும்பாஷி சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், நம் பெங்களூருவைவிடவும் உயரமான பீடபூமியில் இருக்கிறது. அடர்ந்த மழைக்காடு இல்லை, புல்வெளியும் மரங்களும், குளிர்ந்த வறண்ட பருவமும் உண்டு. தெற்கிலிருந்து ரயில் வந்து சேர்ந்த 1910-இல் செம்புச் சுரங்கத்துக்காகவே எலிசபெத்வில் என்ற பெயரில் அந்த நகரம் உருவானது. பேசுவது சுவாஹிலி. விடுதலை கிடைத்த சில நாட்களிலேயே, 1960 ஜூலையில், மொய்ஸ் சோம்பே தலைமையில் கட்டங்கா தனி நாடாகப் பிரிந்தது. பெல்ஜியச் சுரங்க நலன்கள் அதன் பின்னால் நின்றன. நாட்டின் முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா 1961 ஜனவரியில் அந்நகருக்கு அருகில்தான் கொல்லப்பட்டார்.

இந்த நகரோடு இந்தியருக்கு இரத்த உறவே உண்டு என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஐ.நா. அமைதிப் படையில் சென்ற நம் கூர்க்கா படைப்பிரிவின் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா 1961 டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில்லில், சாலையை மறித்து நின்ற கட்டங்காப் படையினரைத் தாக்கி வீரமரணம் அடைந்தார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது, ஐ.நா. பணியில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. நம் பள்ளிகளில் அவர் பெயரைச் சொல்லும்போது அந்த ஊர் இன்றைய லுபும்பாஷி என்பதையும் சொல்ல வேண்டும்.

லுபும்பாஷியிலிருந்து வடமேற்கே சென்றால் லிக்காசி, அதற்கு அப்பால் கொல்வேசி. உலகில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட் உலோகத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த நாட்டிலிருந்து, அதுவும் பெரும்பாலும் இந்தச் சுரங்கப் பட்டையிலிருந்து கிடைக்கிறது. கைப்பேசிகளிலும் மடிக்கணினிகளிலும் பல மின்வாகனங்களிலும் உள்ள பேட்டரிகளுக்கு அது தேவை. பெரிய நிறுவனங்களின் சுரங்கங்களுக்கு ஓரத்திலேயே, பாதுகாப்புக் கருவி ஏதுமின்றிக் கையாலும் கடப்பாரையாலும் குழி தோண்டி மண் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. தோண்டியது கின்ஷாசா பக்கம் போவதில்லை. கசும்பலேசா எல்லைச் சாவடியில் நாட்கணக்கில் வரிசையில் நிற்கும் லாரிகளில் சாம்பியா வழியாக டர்பன், தாருஸ்ஸலாம் துறைமுகங்களுக்குப் போகிறது. அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்கு மேற்கே செல்லும் பழைய ரயில் பாதையை மீண்டும் வலுப்படுத்தும் வேலையும் நடக்கிறது. மின்வாகனங்களைப் பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் வாரந்தோறும் கட்டுரைகள் வருகின்றன. பேட்டரியின் விலை குறைவதைச் சொல்லும் அந்தக் கட்டுரைகளில் கொல்வேசி என்ற பெயர் ஒருமுறையேனும் இடம்பெற வேண்டாமா? தகவல் தொழில்நுட்பத்தால் வாழும் நகரம் நம் பெங்களூரு. இந்த ஊர் மக்களுக்கு அதை அறியும் கடமை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே உண்டு.

நடுத்தெற்கில் காசாய் பகுதி. வைரத்துக்காக வளர்ந்த எம்புஜி-மாயியும், பழைய நிர்வாக நகரமான கனங்காவும் அங்கே இருக்கின்றன, மொழி சிலூபா. லுபும்பாஷியிலிருந்து வரும் ரயில் காசாய் ஆற்றங்கரையிலுள்ள இலேபோவோடு முடிந்துவிடுகிறது. அங்கே சரக்கை இறக்கிப் படகில் ஏற்றிக் கின்ஷாசாவுக்கும், மறுபடி ரயிலில் ஏற்றி மத்தாடிக்கும் கொண்டுபோக வேண்டும். தெற்குச் சுரங்கங்களுக்குத் தலைநகர் ஏன் தொலைவாகிவிட்டது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இனி கிழக்கு. இப்போது தங்கள் பக்கங்களில் வரும் காங்கோச் செய்திகளில் பெரும்பகுதி இந்தக் குறுகிய மலைப்பட்டையிலிருந்து வருகிறது. கிவு ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடகரையில் கோமா, தென்கரையில் புகாவு. எரிமலை மண்ணின் வளத்தால் மக்கள் அடர்த்தி மிகுந்த பகுதி இது. கோமாவுக்குப் பின்னால் நிற்கும் நிராகொங்கோ எரிமலையின் குழம்பு 2002 ஜனவரியில் நகரின் நடுவே ஓடி ஏரியில் விழுந்தது. 2021 மே மாதம் மறுபடியும் வெடித்து நகரின் விளிம்புவரை வந்தது. குளிர்ந்து கறுத்த அந்தப் பாறையை உடைத்து அதன் மேலேயே மக்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். அருகில் உள்ள விருங்கா, 1925-இல் அமைந்த ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா. மலைக் கொரில்லாக்கள் வாழும் மிகச் சில இடங்களில் ஒன்று. ருவாண்டாவின் எல்லை கோமா நகரின் தெருக்களை ஒட்டியே செல்கிறது. அதனால்தான் 1994-இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தபின் சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோர் அந்த ஒரு நகருக்குள் வந்து குவிந்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த போர்களின் மிச்சமே இன்றுவரை அந்த மலைகளில் எரிகிறது. தங்கமும், மின்னணுக் கருவிகளுக்குத் தேவையான டான்டலம் கனிமமும் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் தருகின்றன. 2025 ஜனவரி இறுதியில் எம்23 என்னும் கிளர்ச்சிப் படையினர் கோமாவையும் அடுத்த மாதம் புகாவுவையும் கைப்பற்றினார்கள். ருவாண்டா அவர்களுக்குத் துணை நிற்பதாக ஐ.நா. வல்லுநர்கள் அறிக்கை அளித்திருக்கிறார்கள். புகாவுவில் பன்சி மருத்துவமனையை நிறுவி, போரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு அறுவைச் சிகிச்சை அளித்து வரும் மருத்துவர் டெனிஸ் முக்வெகே 2018-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கோமாவுக்கு வடக்கே உள்ள புட்டெம்போவில் 2022 ஜூலையில் நம் எல்லைப் பாதுகாப்புப் படையினர் இருவர் ஐ.நா. பணியில் உயிரிழந்தார்கள். அந்த ஊரின் பெயரை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

ஊரின் பெயர் செய்தியின் பொருளையே மாற்றிவிடும் என்பதற்கு ஒரு சான்று. 2024 அக்டோபரில் கிவு ஏரியில், கோமாவின் கரைக்கு அருகிலேயே, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து பலர் மாண்டார்கள். வெறும் படகு விபத்தாக அதைப் படித்தால் படகோட்டியின் கவனக்குறைவு மட்டுமே தெரியும். கோமாவுக்குச் செல்லும் சாலை போரினால் அடைபட்டதால் மக்கள் ஏரிவழியை நாடினார்கள் என்பதை அறிந்தால்தான் அந்தச் சாவுகளுக்கும் போருக்கும் உள்ள தொடர்பு விளங்கும்.

எபோலாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெங்களூருவில் இந்தக் குழப்பம் மிகுதியாகத் தீங்கு செய்வது அதில்தான். அந்த நோய் 1976-இல் நாட்டின் வடக்கிலுள்ள யம்புக்கு என்ற சிற்றூரில் கண்டறியப்பட்டது. 1995-இல் கிக்விட் நகரில் பரவியது. 2018-இல் மேற்கில் எம்பண்டாக்காவைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்தில் தோன்றி ஜூலை இறுதியில் ஒழிந்தது. அடுத்த வாரமே கிழக்கில் பெனி, புட்டெம்போ பக்கம் வேறொரு பரவல் அறிவிக்கப்பட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்று வரவில்லை என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டின. கிழக்கில் 2020 ஜூன் வரை நீடித்த அந்தப் பரவலில் 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது லுபும்பாஷியிலோ கின்ஷாசாவிலோ அது இல்லை. 1976-இல் யம்புக்குவுக்கே சென்று நோயாளிகளிடம் மாதிரி எடுத்த காங்கோ மருத்துவர் ஜான்-ஜாக் முயெம்பே, பிற்காலத்தில் அந்நோய்க்குச் சிகிச்சை உருவாக்குவதிலும் முன்னின்றார். நோயை மட்டுமே எழுதி, அதை எதிர்த்து நின்ற அந்நாட்டு அறிவியலாளர்களை விட்டுவிடுவது நியாயமாகாது.

பெங்களூருவின் வடகிழக்குப் பகுதிகளான ஹெண்ணூர், கம்மனஹள்ளி, பானஸ்வாடி, கொத்தனூர் ஆகிய இடங்களில் ஆப்பிரிக்க மாணவர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களும் நிறைந்த பகுதிகள் இவை. வீட்டு உரிமையாளர்களிலும் கடைக்காரர்களிலும் நம்மவர்கள் பலர். காங்கோவிலிருந்து வருவோர் பள்ளிப் படிப்பைப் பிரெஞ்சில் முடித்துவிட்டு, இங்கே ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்றுக் கல்லூரியில் சேர்கிறவர்கள். எபோலா என்ற சொல் செய்தியில் வந்துவிட்டால் அவர்களுக்கு வீடு கொடுக்கத் தயங்குவதையும், கடையில் சற்று விலகி நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன். நோய் பரவிய ஊருக்கும் அந்த மாணவர் பிறந்த ஊருக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் காடு கிடக்கிறது என்று செய்தியிலேயே ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமே இருந்திருக்காது.

தயக்கத்தோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2016 ஜனவரி இறுதியில் பெங்களூருவின் ஹெசரகட்டா பக்கத்தில், சூடான் நாட்டவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்ததற்குப் பழிவாங்குவதாக, அந்த வழியே சற்று நேரம் கழித்து வந்த தான்சானியா மாணவியைக் கும்பல் தாக்கியது. எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் தில்லி வசந்த் குஞ்ச் பகுதியில் ஆட்டோ பிடிப்பதில் எழுந்த தகராறில் காங்கோவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஒரு கண்டம் முழுவதையும் ஒரே முகமாகப் பார்க்கும் பழக்கம் இத்தகைய வன்முறைக்கு வழி திறக்கிறது. அந்தப் பழக்கத்தை வளர்ப்பதற்கும் மாற்றுவதற்கும் நாளிதழுக்கு ஆற்றல் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, காங்கோவைப் பற்றிய செய்தியின் முதல் வரியிலேயே ஊரையும் மாகாணத்தையும் குறிப்பிடுங்கள். 2015 முதல் அந்நாட்டில் 26 மாகாணங்கள் இருக்கின்றன. பழைய கட்டங்காவே நான்காகப் பிரிந்திருக்கிறது. தலைநகரிலிருந்து எவ்வளவு தூரம், எந்த எல்லைக்கு அருகில் என்பதற்கு அரை வரி போதும். நோய்ச் செய்தி என்றால் நோய் இருக்கும் பகுதி எது என்பதோடு, எங்கெங்கே இல்லை என்பதையும் சேருங்கள். பிராசவில் சார்ந்த செய்தியைக் கின்ஷாசாவோடு கலக்காதீர்கள். இயன்றபோது இரண்டு பத்தி அகலத்தில் ஒரு சிறு நிலப்படம் போடுங்கள். மாணவர்கள் அதை வெட்டிக் குறிப்பேட்டில் ஒட்டிக்கொள்வார்கள்.

ஆறு, அருவிகள், ரயில் பாதைகள், இக்கடிதத்தில் நான் குறிப்பிட்ட நகரங்கள் ஆகியவற்றைக் காட்டும் நிலப்படம் ஒன்றைக் கையால் வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் ஓவியப் பிரிவினர் அதைச் செம்மைப்படுத்தி எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம். என் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
கம்மனஹள்ளி, பெங்களூரு